நீல டார்ச், மஞ்சள் பேப்பர்: எது ஒளிர்வு, எது கசிவு?

கேள்வி, ஜூன் 11

அரசு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் எடுக்கிறேன். எங்களிடம் இருப்பது சாதாரண மாணவர் நுண்ணோக்கி; 10, 40 மடங்கு அப்ஜெக்டிவ் (சிலைடுக்குப் பக்கத்து லென்ஸ்) மட்டும். 450 நானோமீட்டர் என்று போட்டிருந்த நீல எல்.இ.டி. டார்ச் ஒன்றை வாங்கிக் கீழே வைத்து, ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) மேல் மஞ்சள் கண்ணாடிப் பேப்பர் ஒட்டி, வெங்காயத்தின் உள்தோலைப் பார்த்தோம். முழுவதும் பச்சை மஞ்சளாக மின்னுகிறது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஆனால் செல் சுவர், உட்கரு என்று எதுவும் தனியாகத் தெரியவில்லை. டார்ச் பவரைக் கூட்டினால் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். பல்லாயிரம் ரூபாய்க்கு ஃபில்டர் கியூப் (ஃபில்டர்களும் கண்ணாடியும் சேர்ந்த பெட்டி) வாங்காமல் இதெல்லாம் நடக்காது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி சார்?

ஜூன் 11, இரவு

டீச்சர், இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. வெங்காயத் தோலை எடுத்துவிட்டு, நன்றாகத் துடைத்த வெறும் சிலைடை வையுங்கள். அதே பச்சை மஞ்சள் தெரிகிறதா? தெரிந்தால் நீங்கள் பார்த்தது ஒளிர்வு இல்லை, கசிவு. பவரைக் கூட்டினால் கசிவும் சேர்ந்து கூடும்.

ஜூன் 12, காலை

வெறும் சிலைடும் அப்படியே மின்னுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, பாதி வேலை முடிந்தது.

ஒளிரும் பொருள் நீல ஒளியை வாங்கிக்கொண்டு அதைவிட அலைநீளம் கூடிய பச்சையையோ மஞ்சளையோ சிவப்பையோ திருப்பித் தருகிறது. ஆனால் வாங்குவது மலை, தருவது மடு. கிளர்த்தும் ஒளியோடு, அதாவது நாம் அடிக்கும் நீலத்தோடு, ஒப்பிட்டால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிர்வு பல ஆயிரம் மடங்கு குறைவு. மங்கலான மாதிரி என்றால் லட்சம் மடங்குகூட இருக்கும். நீங்கள் ஒட்டிய பேப்பர் நீலத்தில் நூற்றில் ஒரு பங்கை விட்டாலே, அந்த ஒரு பங்கு ஒளிர்வை அப்படியே மூழ்கடித்துவிடும்.

டார்ச் பக்கமும் குறை இருக்கிறது. 450 என்று எழுதியிருப்பது உச்சம் மட்டும்தான். எல்.இ.டி. ஒளிக்கு வால் உண்டு. 450-இல் உச்சம் உள்ள எல்.இ.டி. 500 தாண்டியும் கொஞ்சம் பச்சையைக் கசியவிடும். அந்தப் பச்சையை மஞ்சள் பேப்பரால் தடுக்கவே முடியாது, ஏனென்றால் பச்சையை விடுவதற்காகத்தான் அதை அங்கே ஒட்டியிருக்கிறோம். ஆகவே விளக்கின் முன்னால் ஒரு நீல ஃபில்டர் போட்டு வாலை வெட்ட வேண்டும், இது கிளர்வு ஃபில்டர். கண்ணுக்கு முன்னால் ஒரு மஞ்சளோ ஆரஞ்சோ போட்டு மிச்ச நீலத்தை வெட்ட வேண்டும், இது தடுப்பு ஃபில்டர். முதலாவது எதை விடுகிறதோ அதை இரண்டாவது விடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளியும் இருக்க வேண்டும். விளக்கின் பலம், நுண்ணோக்கியின் விலை எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஜூன் 12, மதியம்

ஜோடி சரியா என்று நுண்ணோக்கி இல்லாமலே பார்க்கலாம். அறையை இருட்டாக்குங்கள். நீல ஃபில்டர் போட்ட டார்ச்சை ஒரு வெள்ளைத் தாள்மேல் அடியுங்கள். தாளைத் தடுப்பு ஃபில்டர் வழியாகப் பாருங்கள். தாள் இருக்கும் இடமே தெரியாமல் கறுப்பாக இருந்தால் ஜோடி பொருந்துகிறது. மங்கலாகத் தெரிந்தால் இன்னொரு அடுக்கு தடுப்பு ஃபில்டர் சேருங்கள். சாயம் போட்ட ஃபில்டர்களில் தடுக்கும் சக்தி பெருகிக்கொண்டே போகும்: ஒன்று நூறில் ஒரு பங்கை விட்டால், அதே மாதிரி இரண்டு சேர்ந்து பத்தாயிரத்தில் ஒரு பங்கைத்தான் விடும்.

டார்ச்சை நேராகக் கண்ணுக்குப் பிடித்துப் பார்க்க வேண்டாம், ஃபில்டர் போட்டிருந்தாலும். பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஜூன் 12, இரவு

மதியம் எழுதியதில் ஒரு திருத்தம். வெள்ளைத் தாள் வேண்டாம். ஜெராக்ஸ் தாளில் வெண்மை கூட்டும் சாயம் சேர்க்கிறார்கள். சலவைத் தூளிலும் அதே வகைதான், அதனால்தான் புற ஊதா விளக்கில் துவைத்த வேட்டி பளீரென்று நீலமாக ஜொலிக்கிறது. 450-இல் இந்தச் சாயம் அவ்வளவாக ஒளிராது, ஆனால் 395 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சோடு யாராவது இதைச் செய்தால் தாளே ஒளிர்ந்து, நல்ல ஃபில்டர் ஜோடியையும் கெட்டதாகக் காட்டிவிடும். எவர்சில்வர் தட்டின் பின்பக்கத்தைப் பயன்படுத்துங்கள். அது வெளிச்சத்தைத் திருப்பும், தானாக ஒளிராது.

ஜூன் 14

என் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். நான் பல வருடம் காசநோய் ஆய்வகத்தில் சளி சிலைடு பார்த்தவன். ஆரமின் என்ற ஒளிரும் சாயம் ஏற்றி, அமில ஆல்கஹாலில் கழுவி, பின்னணியை இருட்டாக்கப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஊற்றி, நீல ஒளியில் பார்த்தால் கறுப்பு வானத்தில் மஞ்சள் கீற்றுகளாகக் கிருமி தெரியும். சிவப்புச் சாயம் ஏற்றும் பழைய முறையில் எண்ணெய் விட்டு 100 அப்ஜெக்டிவில் ஒவ்வொரு புலமாக நகர்த்திக் கண் பூத்துப்போகும். ஆரமினில் 20 அப்ஜெக்டிவே போதும். ஒரே பார்வையில் பல மடங்கு இடம் அகப்படும்.

முதலில் எங்களிடம் இருந்தது பாதரச ஆவி விளக்கு. போட்டால் சீராக எரியப் பத்து நிமிடம். அணைந்தால் ஆறும்வரை, அதாவது அரை மணி நேரம், திரும்பப் போடக் கூடாது. பவர் கட் அடிக்கடி வந்த காலம் அது. இருபது சிலைடு மிச்சம் இருக்கும்போது கரண்ட் போனால், வந்த பிறகும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இருநூறு மணி நேரத்துக்கு ஒரு விளக்கு என்று நோட்டில் கணக்கு எழுதி மாற்றுவோம். 2011-இல் உலக சுகாதார நிறுவனம், பாதரச விளக்குக்குப் பதிலாக எல்.இ.டி. நுண்ணோக்கிக்கு மாறலாம் என்று பரிந்துரைத்தது. எல்.இ.டி. வந்ததும் ஸ்விட்சைத் தட்டினால் உடனே வேலை. பேட்டரியிலும் ஓடும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. ஒரு மழைக்காலத்தில் எல்லா சிலைடிலும் பின்னணி சாம்பல் பச்சையாக ஏறிக்கொண்டே போனது. சாயத்தைச் சந்தேகப்பட்டோம். ஆரமினைப் புதிதாகக் கரைத்து வடிகட்டினோம். பெர்மாங்கனேட்டை மாற்றினோம். கழுவும் நேரத்தைக் கூட்டினோம். மூன்று வாரம் போனது. சந்தேகமான சிலைடுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்து எழுதும்போது கை நடுங்கும், டீச்சர். நாம் இல்லை என்று எழுதினால் அந்த ஆள் மருந்தில்லாமல் வீட்டுக்குப் போவார்.

கடைசியில் ஒரு நாள் எதையும் தடவாத வெறும் சிலைடை வைத்தேன். அதுவும் சாம்பல் பச்சை. கிளர்வு ஃபில்டரைக் கழற்றி ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்தேன். ஓரத்தில் பிறை மாதிரி பூச்சு உரிந்திருந்தது. நடுவில் குண்டூசி முனை அளவில் இரண்டு ஓட்டை, அவற்றின் வழியே வெள்ளை ஒளி ஊசி மாதிரி வந்தது. ஈரம் ஏறிப் பூச்சு போயிருக்கிறது. ஃபில்டரை மாற்றிய அன்றே பின்னணி கறுத்தது. அன்றிலிருந்து காலையில் முதல் சிலைடு வெறும் சிலைடுதான். உங்கள் கேள்விக்கு முதல் பதிலாக அதைச் சொன்னது இதனால்தான்.

ஜூன் 15

ஃபில்டர் எங்கே கிடைக்கும்?

மேடை, சினிமா லைட்டுக்குப் போடும் ஜெலட்டின் ஷீட் போதும். லீ, ராஸ்கோ என்ற நிறுவனங்கள் இரண்டுமே ஒவ்வொரு நிறத்துக்கும் எண் கொடுத்து, எந்த அலைநீளத்தில் எவ்வளவு விடும் என்ற வளைகோட்டையும் வெளியிடுகிறார்கள். சாம்பிள் புத்தகத்தில் உள்ள துண்டே நுண்ணோக்கிக்குத் தாராளம். நிறத்தைக் கண்ணால் பார்த்து வாங்காதீர்கள், வளைகோட்டைப் பாருங்கள். கண்ணுக்கு ஒரே மஞ்சளாகத் தெரியும் இரண்டு ஷீட்டில் ஒன்று 450-இல் முழுக்க அடைத்திருக்கும், மற்றது பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொண்டிருக்கும். கண்ணாடிப் பேப்பருக்கு வளைகோடே கிடையாது. அதைத் தீபாவளி விளக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

கண்ணாடி ஃபில்டர் கிடைத்தால் ஷாட் என்ற ஜெர்மன் கண்ணாடி நிறுவனத்தின் எண்கள் பழகிக்கொள்ளுங்கள். ஓ.ஜி. 515 என்றால் ஆரஞ்சுக் கண்ணாடி, 515 நானோமீட்டரில் பாதி ஒளியை விடத் தொடங்கும். ஜி.ஜி. என்றால் மஞ்சள், ஆர்.ஜி. என்றால் சிவப்பு, எல்லாம் ஜெர்மன் சொற்களின் முதல் எழுத்து. 450 டார்ச்சுக்கு ஓ.ஜி. 515 மிகப் பொருத்தம்.

இன்னொரு இடம் பழைய போட்டோ ஸ்டூடியோ. கறுப்பு வெள்ளைக் காலத்தில் வானத்தைக் கறுக்கவைக்க லென்ஸ் முன்னால் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புக் கண்ணாடி மாட்டுவார்கள். ராட்டன் என்ற ஃபில்டர் வரிசையில் எண் 8 என்ற சாதா மஞ்சள் 470 வாக்கிலேயே திறந்துவிடும், நமக்கு ஆகாது. எண் 12 என்றால் 500 வாக்கில், 15 என்றால் 510 வாக்கில் திறக்கும், இரண்டும் நல்லவை. எண் 25 சிவப்பு 590 வாக்கில் திறக்கும். பச்சையத்தை மட்டும் பார்க்க அது நல்ல இருட்டான ஜோடி. எங்கள் ஊரில் மூடப்போகும் ஸ்டூடியோ ஒன்றில் பிலிம் டப்பாக்களுக்கு அடியில் தோல் உறையோடு ஒரு 25 கிடைத்தது. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார் அந்தப் பெரியவர். அதை வைத்து என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டார். ஒரு வெற்றிலையைக் கிழித்து அங்கேயே காட்டினேன். இன்னொரு இலை, இன்னொரு இலை என்று அவர் தோட்டத்தையே கொண்டுவந்துவிட்டார்.

இந்த இரண்டு ஃபில்டர் யோசனை புதிதில்லை. 1852-இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் வெயிலை நீல, ஊதாக் கண்ணாடி வழியே உள்ளே விட்டு, பொருளை மஞ்சள் கண்ணாடி வழியே பார்த்து, எது ஒளிர்கிறது எது வெறுமனே ஒளியைச் சிதறடிக்கிறது என்று பிரித்தார். நீங்கள் செய்வது அதேதான்.

ஜூன் 18

ஒரு பெரிய திருத்தம். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

மேடை நீல ஷீட் நீலத்தை மட்டும் விடுவதில்லை. 700 நானோமீட்டர் பக்கம் வந்ததும் மறுபடி திறந்து ஆழ்சிவப்பையும் அகச்சிவப்பையும் தாராளமாக விடும். கோபால்ட் நீலக் கண்ணாடியும் அப்படித்தான். எல்.இ.டி. டார்ச்சில் அந்தப் பகுதியில் ஒளியே இல்லை என்பதால் பிரச்சினை வராது. ஆனால் ஹாலஜன் பல்பு முன்னால் அதே நீல ஷீட்டைப் போட்டால் ஆழ்சிவப்பு நேராகப் புகுந்து, மஞ்சள் ஃபில்டரையும் தாண்டிக் கண்ணுக்கு வரும். பச்சையம் ஒளிர்வதும் ஆழ்சிவப்பில்தான், 685 வாக்கில்.

நான் ஒருமுறை கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஹாலஜனில் ஹைட்ரில்லா என்ற நீர்த்தாவர இலையைக் காட்டி, பாருங்கள் பச்சையத்தின் சிவப்பு என்று சொன்னேன். ஒரு பெண் அடுத்து வெங்காயத் தோலை வைத்து, சார் இதிலும் சிவப்பாக இருக்கிறதே என்றாள். அவள் சொன்னதுதான் சரி. நாங்கள் பார்த்தது பல்பின் சிவப்பு. எல்லோரிடமும் அதைச் சொல்லி, எல்.இ.டி.யில் முதலிலிருந்து காட்டினேன். அந்தப் பெண் செய்த சோதனை தங்கமான சோதனை: ஒளிரக் கூடாத மாதிரி ஒன்றைப் பக்கத்தில் எப்போதும் வைத்திருங்கள்.

ஆகவே டீச்சர், உங்கள் பள்ளி நுண்ணோக்கியில் உள்ள பல்பை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். டார்ச்தான்.

ஜூன் 19

“ஷீட்டை ஐபீஸ் உள்ளே, அந்த வளையத்தின் மேல் வைத்தேன். பின்னணி இருட்டாகிவிட்டது, ஆனால் புழு மாதிரி நூலும் புள்ளியும் தெரிகின்றன” என்று கேட்டிருக்கிறீர்கள். அவை ஷீட்டில் உள்ள கீறலும் தூசியும். அந்த வளையம் இருக்கும் இடத்தில்தான் பிம்பம் விழுகிறது. அங்கே எதை வைத்தாலும் கூர்மையாகத் தெரியும். குழாயின் அடியில், அப்ஜெக்டிவுக்கு மேலே எங்காவது வையுங்கள். முடியாவிட்டால் ஐபீஸ் மேலேயே தொப்பி மாதிரி போடுங்கள்.

இன்னொன்று, வெளிச்சம் வரும் வழி. டார்ச்சை நேர் கீழே வைத்தால் நீலம் முழுவதும் அப்ஜெக்டிவுக்குள் போய், எல்லாப் பாரமும் தடுப்பு ஃபில்டர் தலையில் விழும். சிலைடு வைக்கும் மேடைக்கு மேலே, பக்கவாட்டில் 45 பாகை சாய்வில் பிடியுங்கள். சிலைடில் பட்ட நீலம் அப்ஜெக்டிவுக்குள் போகாமல் விலகிப் போய்விடும். ஒளிர்வு எல்லாப் பக்கமும் போவதால் நமக்குப் பங்கு வரும். 10 அப்ஜெக்டிவில் இது அருமையாக வேலை செய்யும். 40-இல் லென்ஸ் சிலைடோடு ஒட்டிக்கொண்டு நிற்பதால் டார்ச்சுக்கு இடம் கிடைக்காது. அதற்குக் கண்டென்சருக்கு (சிலைடுக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் லென்ஸ்) கீழே கறுப்பு அட்டையில் வட்டம் வெட்டி நடுவில் வைத்து, ஓரத்து வெளிச்சம் மட்டும் போகும்படி செய்து பாருங்கள். மாணவர் நுண்ணோக்கியில் 40-க்கு முழு இருட்டு கிடைக்காது, பாதியாவது குறையும்.

ஜூன் 23

இப்போது மாதிரிகள். வெங்காய உள்தோலை விடுங்கள், 450-இல் ஒளிர அதில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. அது நம் வெறும் மாதிரியாக இருக்கட்டும்.

முதலில் மஞ்சள். குர்குமின் தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். ஒரு சிட்டிகை மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் கலக்கித் தெளியவைத்து, வெள்ளைப் பருத்தி நூலை முக்கிக் காயவைத்து, ஒரு இழையைப் பிரித்து வையுங்கள். இழையின் முறுக்கு ஒவ்வொன்றும் பச்சை கலந்த மஞ்சளாக எரியும். கடையில் வாங்கும் மஞ்சள் கயிறு வேண்டாம். செயற்கைச் சாயம் போட்டதும் வருகிறது. வெயிலில் வைத்த மஞ்சள் நூல் சீக்கிரம் வெளுத்துவிடும், மூடி வையுங்கள்.

இரண்டாவது, பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை. அதிலுள்ள ரைபோஃபிளேவின் 450-ஐ நன்றாக வாங்கி 525 பக்கம் பச்சையாகத் தரும். பொடித்துத் தண்ணீரில் கரைத்துத் தெளிந்ததை எடுங்கள். புது ஃபில்டர் வாங்கினால் நான் முதலில் பார்ப்பது இந்தச் சொட்டைத்தான். ஒளிர்வு உறுதியாக உள்ள ஒன்றும், உறுதியாக இல்லாத ஒன்றும் கையில் இருந்தால் எந்த ஃபில்டரையும் எடைபோட்டுவிடலாம்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பிளாஸ்மா சிதைவுக்கு (உப்புக் கரைசலில் செல் சுருங்குவதைக் காட்டும் பாடம்) நீங்கள் உரிக்கும் அதே ரியோ செடியின் இலை. ஊதா நிறக் கீழ்த்தோலை உரித்து, சிவப்பு 25 போட்டுப் பாருங்கள். சாதா வெளிச்சத்தில் கண்ணைப் பறிக்கும் ஊதா செல்கள் எல்லாம் காணாமல் போய்விடும். அவற்றில் பசுங்கணிகம் (பச்சையம் உள்ள நுண்ணுறுப்பு) இல்லை என்றே சொல்லலாம். இருட்டில் இலைத்துளைகள் மட்டும் ஜோடி ஜோடியாக மிதக்கும்: இரண்டு அவரை விதையை எதிரெதிரே வைத்த மாதிரி காப்புச் செல்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் குன்றிமணிச் சிவப்பில் பசுங்கணிகங்கள். எண்ணலாம். ஒரு செல்லில் எத்தனை என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள்.

அறைக்குள் போனதும் உடனே பார்க்க வேண்டாம். இருட்டில் பத்து நிமிடமாவது உட்காருங்கள். 685-இல் நம் கண்ணின் உணர்வு பச்சையில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். பச்சையம் உண்மையில் ஒளிர்வதைவிட மிக மங்கலாகத் தெரிவதற்குக் கண்தான் காரணம், ஃபில்டரைத் திட்டாதீர்கள்.

ஜூன் 24

தம்பி ஒருவர் 405 லேசர் பாயிண்டரை வைத்துச் செய்யலாமா என்று கேட்கிறார். வேண்டாம் தம்பி. கடையில் எழுதியிருக்கும் பவர் ஒன்று, உள்ளே இருப்பது வேறாக இருக்கும். ஊதா என்பதால் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும், அதனால் கண் சுருங்காது, விழித்திரைக்குப் போவது முழுதும் போகும். நுண்ணோக்கிக் குழாய் வழியே அது வந்தால் திரும்பக் கிடைக்காத பொருள் போய்விடும். எல்.இ.டி.யில் முடியாத எதுவும் இதில் இல்லை.

ஜூன் 26

“டார்ச் பேட்டரி சரியில்லையா சார்? விளக்கைப் போட்டதும் நல்ல சிவப்பு, ஒரு நிமிடத்தில் மங்கிவிடுகிறது” என்கிறீர்கள். எதில் பார்த்தீர்கள், ரியோ இலையில்தானே? மாத்திரைச் சொட்டில் பாருங்கள். அது உடனே அப்படி மங்காது.

பேட்டரி நன்றாக இருக்கிறது டீச்சர். நீங்கள் பார்த்தது உயிருள்ள இலையின் வேலை. இருட்டில் இருந்த இலைமேல் வெளிச்சம் பட்டதும் ஒளிச்சேர்க்கை இன்னும் தொடங்கியிருக்காது. வாங்கிய ஆற்றலில் ஒரு பங்கு சிவப்பாக வெளியே வரும். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் ஆற்றல் அந்தப் பக்கம் போக, சிவப்பு அடங்கும். ஹான்ஸ் கௌட்ஸ்கி என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1931-இல் எழுதியது இதைத்தான். உங்கள் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே கண்டிருக்கிறார்கள். சுடுதண்ணீரில் முக்கிய இலைத்தோலையும் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள். நானும் இன்று மாலை செய்து பார்க்கப்போகிறேன்.

ஜூலை 2

395 டார்ச் வாங்கியவர்கள் கவனிக்க. புற ஊதா என்று விற்றாலும் அதில் கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறைய இருக்கிறது, வாலும் நீளம். பக்கத்து ஊர் நண்பர் ஒருவர் இதோடு மஞ்சள் அக்ரிலிக் துண்டைத் தடுப்பு ஃபில்டராகப் போட்டு, பின்னணி இருட்டாக மாட்டேன் என்கிறது என்று கொண்டுவந்தார். இரண்டு அடுக்கு போட்டும் அப்படியே. ஒரே துண்டைக் கையில் எடுத்து டார்ச்சை அதன்மேல் அடித்தோம். ஓரம் முழுவதும் பச்சையாக எரிகிறது! ஃபில்டரே ஒளிர்கிறது.

ஜூன் 12-இல் அடுக்கு கூட்டினால் இருட்டு பெருகும் என்று எழுதினேனே, அதற்கு இது விலக்கு. தானே ஒளிரும் ஃபில்டரை எத்தனை அடுக்கினாலும் பயன் இல்லை. நண்பருக்குப் புற ஊதாவை வெட்டும் நிறமற்ற போட்டோ ஃபில்டர் ஒன்றை அக்ரிலிக்குக்கு முன்னால், அப்ஜெக்டிவ் பக்கம் வைத்தோம். முக்கால்வாசி குறைந்தது. அப்புறம் அக்ரிலிக்கைத் தூக்கிவிட்டு ஜெலட்டின் ஷீட் போட்டோம், சரியாகிவிட்டது.

365 டார்ச் வாங்குபவர்கள் முகப்பில் கறுப்புக் கண்ணாடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். புற ஊதாவில் முதலில் கண்ணில் படுவது உங்கள் சட்டை நூலாகத்தான் இருக்கும். அழகான நீல நார் தெரிந்தால் மாதிரி என்று நினைத்து மகிழ்ந்துவிடாமல் சிலைடைத் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

ஜூலை 9

போன் கேமரா. இருட்டான புலத்தைக் கண்டால் போன் தானாகவே வெளிச்சத்தை ஏற்றிக் காட்டும். அதனால் கண்ணுக்குத் தெரியாத கசிவும் படத்தில் ஒளிர்வு மாதிரி வந்து நிற்கும். எக்ஸ்போஷரையும் நிறச் சமநிலையையும் பூட்டிவிட்டு, மாதிரியை ஒரு படம், வெறும் சிலைடை அதே அளவில் ஒரு படம் எடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால்தான் நான் கருத்துச் சொல்வேன்.

ஜூலை 20

தெப்பக்குளத் தண்ணீர் கொண்டுவந்த தம்பிக்கு. நீலத்தில் பார்த்தால் சில பாசிகள் நல்ல சிவப்பு, மற்றவை மங்கிய சிவப்பு என்று கேட்டிருந்தார். மங்கியவை செத்தவை என்று நினைத்து எழுதிவிடாதீர்கள் தம்பி. 520 பக்கம் உள்ள பச்சை எல்.இ.டி.யையும் சிவப்பு 25 ஃபில்டரையும் போட்டுப் பாருங்கள்.

நானும் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். நீலத்தில் செனடெஸ்மஸ் என்ற பச்சைப் பாசியின் நாலு நாலாக ஒட்டிய செல்கள் பளிச்சென்று இருந்தன. சுற்றிலும் சிறு உருண்டைகள் கூட்டமாகச் சேர்ந்த மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பசும் பாசி கரும் சிவப்பில் அடங்கிக் கிடந்தது. பச்சை விளக்குக்கு மாற்றியதும் தலைகீழ்: செனடெஸ்மஸ் மங்கிவிட்டது, மைக்ரோசிஸ்டிஸ் கூட்டம் ஆரஞ்சுச் சிவப்பில் தணல் மாதிரி எழுந்தது. நீலப்பசும் பாசிகளில் பைகோசயனின் போன்ற நிறமிகள் பச்சை முதல் ஆரஞ்சு வரையுள்ள ஒளியைப் பிடித்து 650 பக்கம் விடுகின்றன. பச்சைப் பாசியின் பச்சையம் பச்சை ஒளியை அவ்வளவாக வாங்காது. விளக்கை மாற்றினாலே இரண்டையும் பிரித்துவிடலாம். குளத்தில் நச்சு உண்டாக்கக்கூடிய வகை பெருகுகிறதா என்று பார்க்க விரும்பும் எந்தப் பள்ளிக்கும் இது பயன்படும்.

பச்சை எல்.இ.டி.க்கு வால் நீலத்தைவிட நீளம், 580 தாண்டியும் வரும். ஆகவே வெறும் சிலைடு படம் இங்கே இன்னும் முக்கியம்.

ஆகஸ்ட் 3

டைக்ரோயிக் கண்ணாடி பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். மேலிருந்து அப்ஜெக்டிவ் வழியாகவே நீலத்தை இறக்கி, ஒளிர்வை அதே அப்ஜெக்டிவ் வழியாக ஏற்றிப் பிரிக்கும் கண்ணாடி அது. 1960-களில் நெதர்லாந்தின் ப்ளோம் என்ற ஆய்வாளர் அதைப் பரவலாக்கினார். 40, 100 அப்ஜெக்டிவில் தீவிரமாக வேலை செய்பவர்களுக்கு அதுதான் வழி. 10 அப்ஜெக்டிவில் இலைத்துளை எண்ணும் பள்ளிக்கு இப்போது தேவை இல்லை. அந்தப் பணத்தில் இன்னும் நாலு மேசைக்கு டார்ச்சும் ஷீட்டும் வாங்கலாம்.

அக்டோபர் 17

டீச்சரிடமிருந்து இரண்டு படம் வந்தது. இலைத்துளைகள் நன்றாக இருக்கின்றன, ஒரு காப்புச் செல்லில் எட்டு வரை பிள்ளைகள் எண்ணியிருக்கிறார்கள். ஆனால் வெறும் சிலைடு படத்தில் ஜூலையில் இருந்ததைவிட லேசான பச்சை ஏறியிருக்கிறது. விளக்கின் மேல் ஒட்டிய நீல ஷீட்டைக் கழற்றி, உறையில் மீதி வைத்த துண்டோடு சேர்த்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பாருங்கள் டீச்சர். டார்ச் சூட்டில் நடுவில் வட்டமாக வெளுத்திருக்கும். புதுத் துண்டு வெட்டி, கண்ணாடியிலிருந்து ஒரு விரல் தள்ளி ஒட்டுங்கள். வெளுத்ததைத் தூக்கிப் போடாமல் தேதி எழுதி வையுங்கள், எனக்கு அதை சி.டி. தகட்டில் நிறம் பிரித்துப் பார்க்க வேண்டும்.